பெரியா கல்லூரியும் மாணவர் சேர்க்கையும்: ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபையார் நடத்தும் கல்வி நிலையங்களின் வரலாற்றை எழுதுவோர் நிறுவனர்களின் தியாகத்தை விரிவாகக் கூறுவர். கட்டடங்கள் எழுந்த ஆண்டுகளை வரிசைப்படுத்துவர். நூற்றாண்டு விழா மலர்களில் தலைமையாசிரியர்களின் படங்களை அச்சிடுவர். மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. எந்த ஆண்டில் யாருடைய பிள்ளைகள் வந்தனர், எவருடைய எண்ணிக்கை எப்போது குறையத் தொடங்கியது, அது குறைந்தபோது பள்ளியை நடத்தியோர் என்ன காரணம் கூறினர் என்னும் செய்திகளெல்லாம் அப்பதிவேட்டிலும் அதனையொட்டிய குழுக் குறிப்புகளிலுமே புதைந்து கிடக்கின்றன. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள பெரியா கல்லூரியின் வரலாற்றை அந்தக் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

'பெரியா' என்பது நம் வேதாகமத்தில் 'பெரோயா' என வழங்கும் பட்டணமே. பவுல் அப்போஸ்தலன் தெசலோனிக்கேயை விட்டு வந்தபோது, வசனத்தை மனோவாஞ்சையாய் ஏற்று, காரியங்கள் இப்படியிருக்கிறதா என்று நாள்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்த மக்களின் ஊர் அது. அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி, அத்தேனே பட்டணத்தின் மார்ஸ் மேடையில், மனுஷ ஜாதியான சகல ஜனங்களும் ஒரே இரத்தத்தினாலே தோன்றியவர்கள் என்று பவுல் பேசுகிறார். ஊரின் பெயர் முதற்பகுதியிலிருந்தும், கல்லூரியின் குறிக்கோளுரை பிற்பகுதியிலிருந்தும் எடுக்கப்பட்டன. அடிமை வணிகம் சட்டப்படி நடந்துவந்த ஒரு மாநிலத்தில் இக்குறிக்கோளைப் பலகையில் எழுதுவது எத்தகைய துணிவு என்பதை நாம் இன்று எளிதில் உணரமாட்டோம்.

எழுதியவர் ஜான் கிரெக் ஃபீ என்னும் போதகர். 1816-ஆம் ஆண்டில் கென்டக்கியில், அடிமைகளை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர். ஒஹையோ ஆற்றுக்கு வடகரையில் சின்சினாட்டி நகரிலிருந்த லேன் இறையியல் கல்லூரியில் பயிலும்போதே அடிமைமுறை பாவம் என்னும் முடிவுக்கு வந்தார். தந்தை அவரைத் தம் பிள்ளை அல்லவென்று தள்ளிவிட்டார். தந்தையின் வீட்டு அடிமையாகிய ஜூலெட் என்னும் பெண்ணை ஃபீ விலை கொடுத்து வாங்கி விடுதலை செய்தார். ஆனால் அப்பெண்ணின் பிள்ளைகள் அடிமைகளாகவே இருந்தனர். 1858-இல் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் ஆற்றைக் கடத்தி அழைத்துச் செல்ல முயன்றபோது ஜூலெட் பிடிபட்டுச் சிறையிலடைக்கப்பட்டு, சிறையிலேயே இறந்தார். ஃபீயின் கொள்கையை நூல்களிலிருந்து பெற்ற கொள்கை என்று மட்டும் கருதிவிடாதிருக்க இச்செய்தியை இங்குக் குறிப்பிட்டேன்.

அடிமை ஒழிப்பில் ஆர்வம் கொண்ட நிலக்கிழார் காசியஸ் கிளே என்பவர் மாடிசன் வட்டாரத்தில் அளித்த நிலத்தில் ஃபீ குடியேறினார். 1855-இல் அங்கு ஓர் அறைப் பள்ளி தொடங்கியது. வாரநாட்களில் பள்ளி, ஓய்வுநாளில் ஆலயம். நம் கிராமச் சபைகளின் தொடக்கமும் இதுவேயன்றோ! மாணவர் அனைவரும் வெள்ளையரே. அடிமைப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு அன்று வழியில்லை. ஆயினும் போருக்கு முன்னரே வரையப்பட்ட அமைப்பு விதிகளில், நல்லொழுக்கமுடைய எவருக்கும் மிகக் குறைந்த செலவில் முழுமையான கல்வி அளிக்கப்படும் என்று எழுதினர். 'எவருக்கும்' என்னும் சொல் அக்கம்பக்கத்தாருக்கு நன்றாகவே விளங்கிற்று. 1859 அக்டோபரில் ஜான் பிரவுன் ஆயுதக் கிளர்ச்சி செய்தபின் தென்மாநிலங்களில் அச்சம் பரவியது. அவ்வாண்டு டிசம்பரில், ஃபீ நிதி திரட்ட வடக்கே சென்றிருந்த வேளையில், ஆயுதம் தாங்கிய குதிரைவீரர் கூட்டமொன்று ஆசிரியர்களின் வீடுகளுக்கு வந்து, பத்து நாட்களுக்குள் மாநிலத்தை விட்டு வெளியேறுமாறு கட்டளையிட்டது. பள்ளி மூடப்பட்டது.

உள்நாட்டுப் போரின்போது கென்டக்கியின் நெல்சன் முகாமில் கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் படையில் சேர்ந்தனர். அவர்களுடைய மனைவி மக்களும் அங்கு வந்து தங்கினர். 1864 நவம்பரில், கடுங்குளிரில், ஏறத்தாழ 400 பெண்களும் குழந்தைகளும் முகாமிலிருந்து துரத்தப்பட்டு, அவர்களுள் நூறு பேருக்கு மேல் இறந்தனர். ஃபீ அம்முகாமில் ஊழியம் செய்துகொண்டிருந்தார். அங்கு நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி பின்வந்த வரலாற்றுக்கெல்லாம் முன்குறி எனலாம். பெல் மிட்செல் என்னும் கறுப்பின இளம்பெண்ணை ஃபீ ஆசிரியையாக அமர்த்தி, ஆசிரியர்களின் உணவு அறைக்கு அழைத்துச் சென்று மேசையில் அமரச் செய்தார். அடிமைகளின் பிள்ளைகளுக்குக் கற்பிக்கவே வந்திருந்த வெள்ளை ஆசிரியர்களில் பெரும்பாலோர் எழுந்து வெளியேறினர். ஃபீ அசையவில்லை. ஆனால் அவர் சில நாட்கள் வெளியூர் சென்றபோது அப்பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டாள். கற்பிப்பதற்கு ஆயத்தமாக இருந்தவர்கள் உடன் உண்பதற்கு ஆயத்தமாக இல்லை. கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உணவு மேசை நினைவுக்கு வரும்.

போர் முடிந்தபின் 1866-இல் பெரியாவில் பள்ளி மீண்டும் திறந்தது. கறுப்பினப் பிள்ளைகள் முதன்முறையாக வகுப்பறைக்குள் நுழைந்த அன்று, வெள்ளை மாணவர் இருபதுக்கும் மேற்பட்டோர் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தனர். நிர்வாகத்தார் அவர்களைத் திருப்பி அழைப்பதற்காகக் கொள்கையைத் தளர்த்தவில்லை. வெளியேறியவர்களுள் சிலர் பின்னர்த் தாமே திரும்பினர். 1866-67 கல்வியாண்டின் பதிவேட்டில் மொத்தம் 187 பெயர்கள். அவற்றுள் 96 கறுப்பினத்தார், 91 வெள்ளையர்.

இந்த ஏறத்தாழச் சரிபாதி தற்செயலாக வந்தது என்று எண்ணக்கூடாது. நெல்சன் முகாமில் தாம் அறிந்திருந்த குடும்பங்களைப் பெரியாவுக்கு வந்து குடியேறுமாறு ஃபீ வேண்டினார். அவரும் அறங்காவலரும் நிலத்தை வாங்கிச் சிறு மனைகளாகப் பிரித்து, ஒரு வெள்ளையர் குடும்பத்தை அடுத்து ஒரு கறுப்பினக் குடும்பம் அமையுமாறு விற்றனர். இதனை நான் சற்று அழுத்திக் கூற விரும்புகிறேன். கதவைத் திறந்து வைத்துவிட்டால் வருகிறவர்கள் வருவார்கள் என்று ஃபீ நினைத்திருக்கவில்லை. வருகிறவர்கள் எங்கே தங்குவார்கள், எதை உண்பார்கள், அண்டை வீட்டார் யார், குறைந்த செலவில் படிக்க வழி என்ன என்பதையெல்லாம் ஆராய்ந்து, ஊரையே அதற்கேற்ப அமைத்தார். இக்காலத்தில் நிறுவன மேலாண்மை பற்றிப் பேசுவோர் நீண்டகாலத் திட்டமிடல் என்று குறிப்பிடும் பணியை, அப்பெயரை அறியாத ஒரு கிராமப் போதகர் மனை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு செய்தார்.

1869 முதல் 1889 வரை ஹென்றி ஃபேர்சைல்ட் கல்லூரித் தலைவராக இருந்தார். விடுதி, வகுப்பறை, இசைக்குழு, இலக்கிய மன்றம் ஆகிய அனைத்திலும் இரு இனத்தாரும் ஒன்றாகப் பங்குபெற்றனர். ஜூலியா பிரிட்டன் என்னும் கறுப்பின ஆசிரியை 1870-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இசை கற்பித்தார். இரு இன மாணவர்கள் ஒருவரையொருவர் விரும்பிப் பழகினால் தடுப்பதா என்ற வினா எழுந்தபோது, 1872-இல் அறங்காவலர் குழு தடைசெய்ய மறுத்தது. மாணவருள் மிகப் பெரும்பாலோர் தொடக்க, நடுநிலை வகுப்புகளில் பயின்றவர்களே என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். கல்லூரி வகுப்புகளில் பயின்றோர் சிலர்தாம். முதற் பட்டம் 1873-இல்தான் அளிக்கப்பட்டது. எனினும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கறுப்பினத்தார் பாதி அல்லது பாதிக்கு மேல் என்ற நிலை நீடித்தது. வெளியே, அதே ஆண்டுகளில், கென்டக்கியில் கறுப்பின மக்கள் கும்பலால் தூக்கிலிடப்பட்டுக்கொண்டிருந்தனர்.

1892-இல் வில்லியம் குடெல் ஃப்ராஸ்ட் தலைவராக வந்தார். ஓபர்லின் கல்லூரியில் கிரேக்கப் பேராசிரியராக இருந்தவர், அடிமை ஒழிப்பாளரின் மரபில் தோன்றியவர், அயராத உழைப்பாளி. அவரைக் குறுகிய மனத்தினர் என்று தள்ளிவிடுவது எளிது, அது நியாயமுமன்று. அவர் பொறுப்பேற்றபோது மாணவர் ஏறத்தாழ 350. அவர்களுள் பாதிக்கு மேல் கறுப்பினத்தார். கல்லூரியிடம் பணமில்லை. அடிமைகளின் விடுதலைக்காக ஒரு காலத்தில் வாரி வழங்கிய வடமாநிலச் செல்வர்கள் களைத்துப்போயிருந்தனர். ஃப்ராஸ்ட் மலைப்பகுதிகளுக்குக் குதிரையில் சென்றார். அப்பலாச்சிய மலைகளில் சாலையின்றி, பள்ளியின்றி, வறுமையில் வாழ்ந்த வெள்ளைக் குடிமக்களைக் கண்டார். போர்க்காலத்தில் அவர்களுள் பெரும்பாலோர் அடிமை முதலாளிகளின் பக்கம் சேராதவர்கள். அவர்களைப் பற்றி எழுதினார், பேசினார். 1899-இல் ஒரு புகழ்பெற்ற மாத இதழில் அவர் எழுதிய கட்டுரை அம்மலை மக்களை நாடறியச் செய்தது. பணம் வந்தது. கல்விக் கட்டணம் இல்லை, மாணவர் ஒவ்வொருவரும் உழைத்துப் படிக்கவேண்டும் என்னும் முறை உறுதிபெற்றது. இன்றும் அக்கல்லூரி கல்விக் கட்டணம் பெறுவதில்லை. இத்தனை நன்மைகளும் ஃப்ராஸ்ட் காலத்தவை.

பதிவேடு என்ன கூறுகிறது? பத்தாண்டுகளில் மாணவர் தொகை தொள்ளாயிரத்தைத் தாண்டிவிட்டது. கறுப்பின மாணவரின் தொகையோ கூடவில்லை. சற்றுக் குறைந்தே போயிற்று. பாதிக்கு மேல் இருந்தவர்கள் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைந்தனர். எவரையும் நீக்கவில்லை. எந்த விதியும் திருத்தப்படவில்லை. தேடிச் செல்லும் குதிரை ஒரே திசையில் சென்றது, அவ்வளவே. அங்கேயே பயின்று அங்கேயே கற்பித்துவந்த ஜேம்ஸ் ஹாத்தவே என்னும் கறுப்பின ஆசிரியர், பேராசிரியர் நிலைக்கு உயர்த்தப்படாமல் விலகிச் சென்றார். முதுமையடைந்திருந்த ஃபீ இம்மாற்றத்தை எதிர்த்து எழுதினார். தலைவர் அவருக்கு மரியாதையோடு மறுமொழி கூறினார், திட்டம் தொடர்ந்தது. 1901 ஜனவரியில் ஃபீ காலமானார். 1903-இல் பட்டம் பெற்ற கார்ட்டர் உட்சன், பின்னாளில் கறுப்பின வரலாற்று ஆய்வின் தந்தை எனப் போற்றப்பட்டவர், அந்தக் குறைந்துவந்த சிறுபான்மையுள் ஒருவர்.

இங்கே சற்று நின்று நம் பக்கம் திரும்பிப் பார்ப்பது தவறாகாது. 1837-இல் சென்னையில் ஸ்காட்லாந்துச் சபையின் பள்ளியைத் தொடங்கிய ஜான் ஆண்டர்சன், அடுத்த ஆண்டிலேயே ஒடுக்கப்பட்ட வகுப்புச் சிறுவர்களைச் சேர்த்தமைக்காக உயர்சாதி மாணவர் பலரை இழந்தார், இழந்தும் இணங்கவில்லை. அப்பள்ளியே வளர்ந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆயிற்று. 1862-இல் வந்த வில்லியம் மில்லர், உயர்ந்த வகுப்பாருள் கிறிஸ்தவக் கருத்துகள் பரவினால் அவை காலப்போக்கில் சமுதாயம் முழுவதிலும் ஊறும் என்று நம்பி உழைத்தார். ஃபீயை ஆண்டர்சனுக்கும் ஃப்ராஸ்டை மில்லருக்கும் அப்படியே ஒப்பிடுவது மிகையாகும். இரு நாடுகளின் சூழல் வேறு. ஆயினும் முதல் தலைமுறை கதவைத் திறப்பதும் இரண்டாம் தலைமுறை பெருக்கத்தைத் தேடுவதும் பெரியாவில் மட்டும் நிகழ்ந்ததன்று.

நானும் இதற்குப் புறம்பானவனல்லேன். சில ஆண்டுகள் ஒரு திருச்சபைப் பள்ளியின் நிர்வாகக் குழுவில் அமர்ந்திருந்தேன். தேர்ச்சி விழுக்காடு குறைகிறது, விடுதி நட்டத்தில் நடக்கிறது என்ற கவலையில், சேர்க்கைக்கு ஒரு நுழைவுத் தேர்வும் விடுதிக்குக் கூடுதல் கட்டணமும் விதித்தோம். ஏழைகளுக்கு எதிராக ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை; ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடித்தோம். மூன்றாம் ஆண்டில் ஒரு கிராமத்து உபதேசியார் ஒரு சிறுவனைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஐயா, எங்க ஊர்ப் பிள்ளைகள் இப்ப ஒண்ணுகூட அங்கே இல்லையே" என்றார். பிறகுதான் நான் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அவர் கூறியது உண்மை. நானும் கையொப்பமிட்ட தீர்மானம் அது.

பெரியாவுக்குத் திரும்புவோம். 1904 ஜனவரியில் கார்ல் டே என்னும் சட்டமன்ற உறுப்பினர் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். பெரியாவின் இரயில் நிலையத்தில் ஒரு வெள்ளை மாணவியும் ஒரு கறுப்பின மாணவியும் கட்டித் தழுவியதைக் கண்டு அவர் சினமுற்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியிருப்பினும், இரு இனத்தாரையும் ஒரே பள்ளியில் சேர்ப்பது குற்றம் என்று அச்சட்டம் விதித்தது. நிறுவனத்துக்கு 1,000 டாலர் அபராதம். மீறும் ஒவ்வொரு நாளுக்கும் மேலும் 100 டாலர். அவ்வாறு பயிலும் மாணவருக்குக்கூட நாளொன்றுக்கு 50 டாலர். பொதுச்சட்டத்தின் வடிவில் இருந்தாலும் அது குறிவைத்தது பெரியாவையே என்பதை அறியாதார் இல்லை. கல்லூரி வழக்காடியது. மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 1906-இல் சட்டம் செல்லும் என்றது. 1908 நவம்பரில் அமெரிக்க உச்சநீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. பெரியா மாநிலத்தால் உருவாக்கப்பட்ட ஒரு கூட்டுநிறுவனம். தான் அளித்த உரிமப் பட்டயத்தை மாநிலம் திருத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம். தனிமனிதர் இருவர் ஒன்றாகப் பயிலும் உரிமையைப் பற்றிய வினாவை அது தொடவேயில்லை. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி டேவிட் புரூவர், சிமிர்னாவில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். மாறாக எழுதிய ஜான் மார்ஷல் ஹார்லன், அடிமைகளை வைத்திருந்த ஒரு கென்டக்கிக் குடும்பத்தின் பிள்ளை. ஒருவரின் பிறப்பைக் கொண்டு அவருடைய பேனாவைக் கணிக்க முடியாது.

சட்டம் இரு இனத்தாரை ஒன்றாக வைத்திருப்பதைத்தான் தடுத்தது. எவரை வைத்துக்கொள்வது, எவரை அனுப்புவது என்பதைக் கல்லூரியிடமே விட்டிருந்தது. இங்குதான் முன்னைய பத்தாண்டுகளின் கணக்கு பேசத் தொடங்குகிறது. 1892-இல் இச்சட்டம் வந்திருந்தால், பாதிக்கு மேற்பட்டோரை அனுப்பிவிட்டு எஞ்சியோரைப் பெரியாவின் உரிமையாளராக்குவது எவருக்கும் எளிதாக இருந்திராது. 1904-இல் அது இயல்பான முடிவாகத் தோன்றியது. பெரும்பான்மையோர் வெள்ளையர், நன்கொடையாளரின் மனம் மலைமக்கள்மேல், ஆகவே வெள்ளையர் தங்கினர், கறுப்பினத்தார் சென்றனர். அவர்களை ஃபிஸ்க் முதலிய கறுப்பினக் கல்லூரிகளுக்கு அனுப்பிக் கல்லூரியே செலவுக்கு உதவியது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் நெல்சன் முகாமிலிருந்து வந்து பெரியாவில் மனை வாங்கி, அண்டையில் வெள்ளையரோடு நாற்பதாண்டு வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள், தங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்து கல்லூரி மணியோசையைக் கேட்டுக்கொண்டு வேற்றூருக்குப் படிக்கச் சென்றார்கள்.

பின்னர், கறுப்பினத்தாருக்கென ஒரு தனிக் கல்வி நிலையம் அமைக்கப் பெரியா நிதி திரட்டியது. ஆண்ட்ரு கார்னகி 2 லட்சம் டாலர் அளித்தார். அங்குப் பயின்று போதகரான ஜேம்ஸ் பாண்ட், கறுப்பினச் சபைகளிடையே ஊர் ஊராகச் சென்று பணம் சேர்த்தார். ஷெல்பி வட்டாரத்தில் 1912-இல் லிங்கன் கல்வி நிலையம் திறக்கப்பட்டது. கல்லூரிக் கல்வி அங்குத் தொடரவில்லை. உயர்நிலைக் கல்வியும் கைத்தொழிலுமே. பெரியா தன் அமைப்பு விதிகளை 1911-இல் திருத்தி, தெற்கு மலைப்பகுதியே தன் சிறப்புப் பணிக்களம் என எழுதிக்கொண்டது.

டே சட்டம் 1950-இல் திருத்தப்பட்டது. அவ்வாண்டே பெரியா கறுப்பின மாணவருக்குக் கதவைத் திறந்தது. வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. காரணம் வெறுப்பன்று. மலைப்பகுதியினருக்கே முதலிடம் என்ற சேர்க்கை விதி அதற்குள் வேரூன்றியிருந்தது. அம்மலைப்பகுதியில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களோ மிகக் குறைவு. 1960-களின் இறுதிவரை அத்தொகை பெரிதும் உயரவில்லை. சட்டம் போனபின்னும் விண்ணப்பத் தாளில் ஊர்ப்பெயர் எழுதும் இடம் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1904-க்குப் பின் அக்கல்லூரியில் ஒரு கறுப்பின மாணவி பட்டம் பெற்ற ஆண்டு 1954. உடனுண்ணும் மேசையிலிருந்து நீக்கப்பட்ட பெல் மிட்செல் என்னும் அவ்விளம்பெண், 1866-க்குப் பின் பெரியாவில் சேர்ந்து பயின்றவர்களுள் ஒருத்தி.